படிப்பை விட்டிட்டு ஜி லீக் போறன் எண்டு நிக்கிற மகனைப் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். வவுனியாவில இருந்து வந்து ஒரு வருசம், பிரம்ரனில இருக்கிறியள், 19 வயசு மகன் இஞ்ச கொலிஜ் ரீமில பாஸ்கற்போல் விளையாடுறான், இப்ப படிப்பை விட்டிட்டு ஜி லீக்குக்கு ட்ரை பண்ணப்போறன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான், அது சம்பளம் வாற வேலையோ, அதால ஒருத்தன் முன்னுக்கு வரலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். நான் மிசிசாகாவில 24 வருசம். என்ர மூத்தவனும் உந்தப் பாதையில கொஞ்சத் தூரம் நடந்தவன், அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

ஓம், அது வேலைதான். ஜி லீக் எண்டது என்பிஏ, அதுதான் அமெரிக்காவின்ர பெரிய பாஸ்கற்போல் லீக், நடத்துற கீழ்மட்ட லீக், 2001ல 8 ரீமோட துவங்கினது, பிறகு டி லீக் எண்டு பேர் வந்தது, 2017ல கேற்றரேட் எண்ட குடிபானக் கொம்பனி ஸ்பொன்சர் பண்ணத் துவங்கினதால ஜி லீக் ஆச்சுது. சாதாரண கொன்ராக்ற் எண்டால் பெடியன் கையெழுத்து வைக்கிறது ரீமோட இல்லை, லீக்கோட. 2022-23 சீசனுக்கு அந்தச் சம்பளம் 40,500 அமெரிக்க டொலர், இருக்க இடமும் மெடிக்கல் இன்சூரன்சும் அவையே குடுப்பினம். நவம்பரில துவங்கி ஏப்ரல் மட்டில முடிஞ்சிடும், மிச்ச மாசத்துக்கு அவன் வேற வழி பாக்கோணும். அதுக்கு மேல ரூ-வே கொன்ராக்ற் எண்டு ஒண்டு இருக்கு, அது 2017ல வந்தது, அந்தப் பெடியன் ஜி லீக்கிலயும் விளையாடுவான், மேல கூப்பிட்டால் என்பிஏயில 50 மட்ச் மட்டும் விளையாடலாம், சம்பளம் என்பிஏக்குப் புதுசா வாற ஆளின்ர ஆகக்குறைஞ்ச சம்பளத்தில பாதி, 2023-24ல அது அஞ்சரை லட்சம் டொலருக்கு மேல. ஒரே பஸ்ஸில ஏறி ஒரே ஹோட்டலில படுக்கிற ரெண்டு பெடியளுக்கு நடுவில இவ்வளவு வித்தியாசம் எண்டதை உங்கட மகன் விளங்கிக்கொண்டு போகோணும். ரூ-வே ஒரு ரீமுக்கு மூண்டு பேர்தான், 30 ரீமுக்கும் சேர்த்து 90 இடம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். படிப்பை விட்டிட்டு ஜி லீக் எண்டு அவன் சொல்லுறதில கணக்கே பிழை, ஏனெண்டால் அங்க போற பாதையே கொலிஜ்தான். என்பிஏ ரீமுகள் வருசாவருசம் புதுப் பெடியளைத் தெரிஞ்செடுக்கிறதைத்தான் ட்ராஃப்ற் எண்டுறது, அது ரெண்டு ரவுண்ட், 60 இடம், உலகம் முழுக்க இருந்து அதுக்கு அடிபடுறாங்கள். அமெரிக்காவில முதல் டிவிசன் யூனிவர்சிற்றி மட்டும் 350க்கு மேல, அதில நாலு வருசம் விளையாடி முடிச்சு ட்ராஃப்றில பேர் வராத பெடியள்தான் ஜி லீக்கில நிறைய. அவையை என்பிஏ ரீம், கோடையில புதுப் பெடியளை விளையாடவிட்டுப் பாக்கிற சமர் லீக்குக்குக் கூப்பிடும், பிறகு எக்சிபிற் ரென் எண்ட கொன்ராக்றில ட்ரெய்னிங் காம்ப் மட்டும் வைச்சிருந்திட்டு ரீமில இருந்து நிப்பாட்டி, தங்கட ஜி லீக் ரீமுக்கு அனுப்பும், அங்க 60 நாள் நிண்டால் ஒரு போனஸ் காசு. அப்பிடி வாறவங்களோட, ஒரு கொலிஜ் சீசன்கூட முழுசா விளையாடாத 19 வயசுப் பெடியன் எந்த வீடியோவைக் காட்டி இடம் கேட்பான்? கொலிஜை விட்டால் கோச் இல்லை, ஜிம் இல்லை, மட்ச் இல்லை.

இதை அவனுக்கு நீங்கள் சொன்னால் கேட்கமாட்டான், ஆக்களைக் காட்டிச் சொல்லுங்கோ. ஃப்ரெட் வான்வ்லீற் விச்சிற்றா ஸ்ரேற்றில நாலு வருசம் முழுசா விளையாடினவர், 2016ல ட்ராஃப்றில ஒருத்தரும் எடுக்கேல்லை. சமர் லீக்கில விளையாடிக் காட்டி ரொறன்ரோவின்ர என்பிஏ ரீம் ராப்டர்ஸில கடைசி இடத்தைப் பிடிச்சார், அந்த முதல் வருசமே மேலயும் கீழயுமாப் போய்வந்து 2017ல ராப்டர்ஸின்ர கீழ்மட்ட ரீம், மிசிசாகாவின்ர ராப்டர்ஸ் 905, ஜி லீக் கப் எடுக்கேக்க அந்த ரீமில இருந்தவர். ரெண்டு வருசத்தில, 2019 என்பிஏ ஃபைனலில, ராப்டர்ஸ் கப் அடிச்ச அந்தக் கடைசி மட்ச் கடைசிக் குவார்ட்டரில 12 பொயின்ற் போட்டார். அண்டைக்கு எங்கட வீட்டில ஆரும் கதிரையில இருக்கேல்லை.

கிறிஸ் பூஷேயின்ர கதை உங்களுக்கு இன்னும் கிட்ட. சென்ற் லூசியாவில பிறந்து மொன்றியலில வளர்ந்த பெடியன், வசதி இல்லாத வீடு, ரெஸ்ரோறன்ற்ல வேலை செய்தவர், ஒழுங்கா விளையாடத் துவங்கினதே பிந்தி. அவரை நேர பெரிய யூனிவர்சிற்றி எடுக்கேல்லை, அமெரிக்காவில ஜூனியர் கொலிஜ் ரெண்டில விளையாடி, பிறகுதான் ஓரிகன் யூனிவர்சிற்றி. அங்க கடைசி வருசம் முழங்கால் சவ்வு அறுந்து ட்ராஃப்றில பேர் இல்லாமப் போச்சு. கோல்டன் ஸ்ரேற் எண்ட என்பிஏ ரீம் ரூ-வேயில எடுத்து ஒரு வருசத்தில விட்டிட்டுது. பிறகு 905 வந்து, 2018-19 சீசனில ஜி லீக்கின்ர மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்குத்தான், அந்தச் சீசன் முடிய முந்தியே ராப்டர்ஸ் முழுக் கொன்ராக்ற் குடுத்திட்டுது. பிரம்ரனில வளர்ந்த சிம் புல்லரும் இருக்கிறார், ஏழு அடி அஞ்சு அங்குலம், நியூ மெக்சிகோ ஸ்ரேற்றில படிச்சு, இந்தக் கீழ்மட்ட லீக்கின்ர றீனோ ரீமில விளையாடி 2015ல சக்கரமென்ரோ கிங்ஸில 10 நாள் கொன்ராக்ற் எடுத்தவர், இந்திய வம்சாவளியில என்பிஏ விளையாடின முதல் ஆள். மூண்டு மட்ச் தான், பிறகு ஜி லீக்குக்குத் திரும்பிப் போய், தாய்வான் வரைக்கும் போய் விளையாடினார்.

என்ர மகன் இந்த லிஸ்ற்றில இல்லை. அமெரிக்காவில சின்ன யூனிவர்சிற்றி ஒண்டில ரெண்டாம் டிவிசனில விளையாடினவன், முடிச்ச வருசம் ஒரு ஏஜென்ற் எண்டு சொல்லிக்கொண்டு வந்த ஆள், ரீமுகளுக்கு ஆள் தேடுற ஸ்கௌற் எல்லாம் வருவினம் எண்டு சொல்லி ஒரு காம்புக்கு 2,000 டொலர் வாங்கினார், அங்க ஒருத்தரும் வரேல்லை, நானும் மனுசியும் ஓவர்ரைம் செய்து சேர்த்த காசு அது, இப்ப நினைச்சாலும் வயிறு எரியும். பிறகு ஜி லீக் ரீம் ஒண்டின்ர திறந்த ட்ரை அவுட்டுக்குக் காசு கட்டிப் போனான், திருப்பிக் கூப்பிடேல்லை. ஐரோப்பாவில ஒரு சின்ன ரீமில ஒரு சீசன் விளையாடினான், ரெண்டு மாசச் சம்பளம் இண்டு வரைக்கும் வரேல்லை. திரும்பி வரேக்க அவனுக்கு 24 வயசு, ஆனால் கையில டிகிரி இருந்தது, அதை வைச்சு ரீச்சர் ரெய்னிங் செய்து இப்ப ஸ்காபரோவில படிப்பிக்கிறான், பின்னேரத்தில பெடியளுக்குக் கோச்சிங். அந்த மூண்டு வருசத்தை அவன் வீணெண்டு ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டன்.

ஆனபடியால் மறிக்காதேங்கோ. கொலிஜில இருந்து யூனிவர்சிற்றிக்கு மாறலாமோ எண்டு அவன்ர கோச்சிட்ட நேர போய்க் கேளுங்கோ, யூ ஸ்போர்ட்ஸ் எண்ட கனேடிய யூனிவர்சிற்றிப் போட்டியில நல்லா விளையாடினால் கனடாவின்ர சொந்த லீக் சிஈபிஎல் வருசாவருசம் அங்க இருந்து பெடியளை ட்ராஃப்ற் பண்ணி எடுக்குது, அது கோடையில நடக்கிறதால படிப்பும் குழம்பாது, கனேடியப் பெடியளுக்கெண்டு இடமும் ஒதுக்கி வைச்சிருக்கினம். ஸ்காபரோ ஷூற்றிங் ஸ்ரார்ஸ் அந்த லீக் ரீம்தான், 2023ல கப் எடுத்தது. அமெரிக்காவில ஸ்கொலர்ஷிப் வந்தால் நல்லம், ஆனால் கொலிஜ் பெடியள் 2021ல இருந்து விளம்பரத்தால உழைக்கலாம் எண்டதை நம்பிக் கணக்குப் போடாதேங்கோ, இஞ்ச இருந்து ஸ்ருடன்ற் விசாவில போறவனுக்கு அது சிக்கல். ஏஜென்ற் எண்டு ஆராவது முன்காசு கேட்டால் ஒரு சதமும் குடுக்காதேங்கோ, உண்மையான ஏஜென்ற் கொன்ராக்ற் எடுத்துத் தந்த பிறகு அதில இருந்துதான் எடுப்பான்.

நவம்பரில 905 மட்ச் துவங்கும், உங்கட வீட்டில இருந்து தூரமில்லை, ராப்டர்ஸ் மட்ச் மாதிரி ரிக்கற் விலையும் இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நானும் மூத்தவனும் வாறம். மட்ச் துவங்க ஒரு மணித்தியாலம் முந்தியே போகோணும், அப்பதான் சும்மா வோம் அப்பிலயே அந்தப் பெடியள் எந்த வேகத்தில ஓடுறாங்கள் எண்டு அவன் கிட்ட நிண்டு பாக்கலாம். மிச்சத்தை என்ர மூத்தவன் அவனோட கதைப்பான்.