கோடையில் மட்டும் மரங்கள் இத்தனை நிறத்தில் பூப்பது ஏன்?

நல்ல கேள்வி. சரக்கொன்றை, முள்முருங்கை போன்ற மரங்கள் இலை உதிர்ந்த சமயத்தில் பூப்பதால், பூ தூரத்திலிருந்தே தெரியும். முள்முருங்கையின் சிவப்புக்கு மைனா, காகம்கூட வரும். மஞ்சளும் ஊதாவும் தேனீக்களை இழுக்கும். மஞ்சள், ஆரஞ்சு பெரும்பாலும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருபவை. ஜகரண்டா மரப் பூவின் ஊதா, ஆந்தோசயனின் என்ற நிறமியால்.

மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான்கு இதழ் சிவப்பு. ஐந்தாவது மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாக, சிவப்புத் தீற்றலோடு இருக்கும். என்ன அழகு! பூச்சிக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளம் அது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது பூவரசு. அது கோடைக்கு மட்டும் காத்திருப்பதில்லை. காலையில் எலுமிச்சை மஞ்சளாக விரியும் பூ, வாடும்போது செம்மை ஏறிவிடும். ஒரே கிளையில் இரண்டு நிறத்தையும் பார்க்கலாம்.