பக்கத்து மலையில் தீ, ஹெலிகாப்டர் போனதோ வேறு திசையில்

கேள்வி: கலிஃபோர்னியாவில் எல்டொராடோ ஹில்ஸில் இருக்கிறோம். எங்களுக்குக் கிழக்கே மலைக்குள் சிறு தீ தெரிந்தது. ‘கவனித்து வருகிறோம்’ என்றார்கள், அவ்வளவுதான். ஹெலிகாப்டர்களெல்லாம் வடக்கே எரியும் பெரிய தீக்குப் போய்விட்டன. இதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: தீ எவ்வளவு பெரியது என்று பார்த்து ஆளனுப்புவதில்லை. உங்கள் மாவட்டத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. 2021 ஆகஸ்ட் 14 அன்று கால்டோர் தீ பற்றியபோது, ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்த டிக்ஸி தீயில் ஏராளமான தீயணைப்புக் குழுக்கள் சிக்கியிருந்தன. மூன்றே நாளில் கிரிஸ்லி ஃப்ளாட்ஸ் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. பிறகு தீ டாஹோ ஏரிக்கரை ஊர்களின் பக்கம் திரும்பியதும், பல மடங்கு பெரிய டிக்ஸியைத் தாண்டி, ஆளும் விமானமும் ஒதுக்குவதில் நாட்டிலேயே முதலிடம் கால்டோருக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு பெரிய தீயிலும் பொறுப்பில் இருப்பவர்கள் ஐசிஎஸ்-209 என்ற படிவத்தை நிரப்பி அனுப்புவார்கள். எத்தனை வீடுகளுக்கு ஆபத்து, அடுத்த 12, 24, 48 மணி நேரத்தில் தீ எங்கே போகும், என்னென்ன தேவை என்பதெல்லாம் அதில் இருக்கும். வட கலிஃபோர்னியாவின் படிவங்களை ரெடிங்கில் உள்ள மையம் பார்த்து வரிசைப்படுத்தும். மாநிலங்களுக்கிடையே பங்கிட வேண்டி வந்தால் ஐடஹோவின் பாய்ஸியில் இருக்கும் தேசியக் குழு முடிவெடுக்கும். உயிர்தான் முதலில். வீடு, சாலை, மின்கம்பி, குடிநீர், காடு எல்லாம் அதன் பிறகு. இன்றைக்கு ஒரு குழுவை அனுப்பினால் பலன் இருக்குமா என்றும் கேட்பார்கள். காற்று வெறிகொண்டு வீசும்போது தீயின் முகப்பில் ஆளை நிறுத்துவது கொலைக்குச் சமம்.

புதிதாகப் பற்றும் தீக்குத் தனிச் சலுகை உண்டு. சிறிதாக இருக்கும்போதே அணைத்தால் ஒரு குழுவோடு வேலை முடியும் என்பதால், பெரிய தீயிலிருந்து விமானத்தைத் திருப்பிக்கூட அனுப்புவார்கள். ஆனாலும் கணக்கு தவறுவதுண்டு. 2021 ஜூலை 4 அன்று மின்னலில் பற்றிய டாமராக் தீ, பாறை முகட்டில் கால் ஏக்கர்தான் இருந்தது. ஆளனுப்புவது ஆபத்து என்று கண்காணிப்போடு விட்டார்கள். ஜூலை 16-இல் சீறியெழுந்து, பிறகு பக்கத்து மாநிலமான நெவாடாவுக்குள் நுழைந்தது. அந்த ஆகஸ்டிலேயே, தீயைக் கண்காணித்துக்கொண்டு விட்டுவைக்கும் வழக்கத்துக்கு அமெரிக்க வனத்துறைத் தலைவர் தற்காலிகத் தடை போட்டார். ஆகவே உங்கள் கவலை நியாயமானது. தினமும் நிலவரம் கேளுங்கள்.

இதே தரம்பிரிப்பு உங்கள் வீட்டு வாசலிலும் நடக்கும். தெருவுக்குள் வரும் தீயணைப்பு வண்டிக்காரர்கள் சில நிமிடங்களில் ஒவ்வொரு வீட்டையும் எடை போடுவார்கள். வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, கூரையிலும் மழைநீர் வடிகாலிலும் பைன் சருகு கிடக்கிறதா, சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கிறதா, கேஸ் தொட்டியைச் சுற்றிப் புல் மண்டியிருக்கிறதா? காப்பாற்ற வழியில்லை என்று பட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் பற்றக்கூடிய எதுவும் வேண்டாம். செடிகளுக்கு அடியில் பரப்பும் மரப்பட்டைத் தூளும் கூடாது. பரண் காற்றுத் துவாரங்களுக்கு எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேற்படாத கண் கொண்ட கம்பிவலை போடுங்கள். பெரும்பாலான வீடுகளைப் பற்றவைப்பது பறந்து வரும் கங்குதான்.

உங்கள் வீட்டின் வெளியேற்ற மண்டல எண்ணைக் குறித்து வையுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருந்தால், ‘ஆர்டர்’ என்ற கட்டாய வெளியேற்ற உத்தரவுக்குக் காத்திராமல், ‘வார்னிங்’ என்ற முன்னெச்சரிக்கை வந்ததுமே அவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.