குடுவையும் முட்டையும் – ஒரு வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இணையத்தில் தென்படும் விநோதமான செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. உலகிலேயே அதிக விருப்பக்குறி வாங்கிய முட்டைப் படம், ஏலத்தில் விலைபோன ஆய்வகத்துக் காப்பிக் குடுவை, வரைபடத்தில் மட்டும் இருக்கும் தீவு என்று எல்லாம் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. இது வீண் வேலை என்கிறார்கள் நண்பர்கள். அவர்களோடு நான் வாதிடுவதில்லை. ஆனால் பழைய பக்கங்களைப் புரட்டும்போது, எழுதிய அன்று விழுந்து விழுந்து சிரித்த பல குறிப்புகள் இன்று சப்பென்று இருக்கின்றன. சில மட்டும் இன்னும் சுவை குன்றாமல் நிற்கின்றன. இந்த வேறுபாடு எதனால்? மேலும், இவற்றில் எது உண்மை, எது புரளி என்று பிரித்தறிவது எப்படி? முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதும் சிரிப்புக் குறியை ஒரு பேராசிரியர் குறிப்பிட்ட ஒரு நாளில் முன்மொழிந்தார் என்றும் படித்தேன். அது உண்மைதானா?

அன்புடன்,
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குறிப்பேட்டில் முட்டையும் குடுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கான விடை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு விநோதத்தின் பின்னால் யாருக்கோ ஒரு தேவை இருந்ததா, அல்லது விநோதமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்பட்டதா என்று பார்த்தால், உங்கள் குறிப்புகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துவிடும்.

குடுவையை எடுத்துக்கொள்வோம். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் பணியாற்றியவர்கள் பலருக்கும் சேர்த்து ஒரே ஒரு காப்பி வடிக்கும் இயந்திரம்தான் இருந்தது. அது இருந்த அறைக்கு ‘ட்ரோஜன் அறை’ என்று பெயர். மற்ற அறைகளிலும் மாடிகளிலும் இருந்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால், பெரும்பாலும் குடுவை காலியாக இருக்கும். குவென்டின் ஸ்டாஃபோர்டு ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவரும் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவைப் பொருத்தி, அதன் படம் எல்லோருடைய திரையிலும் ஒரு மூலையில் தெரியும்படி நிரல் எழுதினார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். நிமிடத்துக்கு மூன்று முறை மட்டுமே புதுப்பிக்கப்படும். குடுவை நிரம்பும் வேகத்துக்கு அதுவே போதும் என்றும், அந்தக் காப்பியின் நிறத்துக்குச் சாம்பல் நிறப் படமே பொருத்தம் என்றும் அவர்களே பின்னாளில் கேலி செய்திருக்கிறார்கள். 1993இல் அது வலைக்கு வந்தது. அதன்பின், அந்தக் குடுவையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க வாய்ப்பில்லாத லட்சக்கணக்கானோர் உலகெங்கும் இருந்து அதை எட்டிப் பார்த்தார்கள். 2001 ஆகஸ்டில், ஆய்வகம் வேறு கட்டடத்துக்கு இடம் மாறியபோது, கேமரா அணைக்கப்பட்டது. ஓட்டைக் குடுவையை ஏலத்தில் 3,350 பவுண்டுக்கு வாங்கியது ஜெர்மனியின் ‘ஸ்பீகல்’ இதழின் இணையப் பிரிவு. இணையத்தில் நாம் இன்று காணும் நேரலைக் கேமராக்களின் வம்சத்துக்கு மூத்தது, வீணாகப் படியேறி இறங்கச் சலித்த சிலரின் இந்த ஏற்பாடு.

முட்டைக்கு இத்தனை வரிகள் தேவைப்படாது. 2019 ஜனவரி 4 அன்று இன்ஸ்டாகிராமில் ஒரு முட்டையின் படம் இடப்பட்டது. அதிக விருப்பக்குறி பெற்ற படமாக அதை ஆக்குவோம் என்பதே அதனுடன் இருந்த அழைப்பு. பத்து நாளுக்குள் அப்படியே ஆனது. 2022 டிசம்பரில், உலகக் கோப்பையை வென்ற மெஸ்ஸி இட்ட பதிவு அதை முந்தியது. எண்ணிக்கையைத் தவிர அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை என்பதால், எண்ணிக்கை முறியடிக்கப்பட்டதும் செய்தியும் முடிந்துவிட்டது. உங்கள் குறிப்பு சப்பென்று ஆனதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

கவனத்தை ஈர்ப்பதற்காகவே செய்யப்பட்டவை எல்லாம் உதவாதவை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2005இல், அலெக்ஸ் டியூ என்ற 21 வயது ஆங்கிலேய இளைஞர், பல்கலைக்கழகப் படிப்புக்குப் பணம் திரட்ட ஒரு வலைப்பக்கம் தொடங்கினார். அதில் பத்து லட்சம் பிக்சல்கள். ஒரு பிக்சல் ஒரு டாலர். குறைந்தது நூறு பிக்சல் கொண்ட ஒரு கட்டமாவது வாங்க வேண்டும். வாங்கியவர் அதில் தம் விளம்பரப் படத்தை வைத்து, தம் தளத்துக்கு இணைப்புக் கொடுத்துக்கொள்ளலாம். சில மாதங்களில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. கடைசி ஆயிரம் பிக்சல்கள் ஏலத்தில் 38,100 டாலருக்குப் போக, மொத்த வரவு 10,37,100 டாலர் ஆனது. அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. நெருக்கியடித்துக் கண்ணைப் பறிக்கும் அதன் சின்னஞ்சிறு படங்களைச் சொடுக்கினால், பல இணைப்புகள் எங்கும் போய்ச் சேருவதில்லை, பல வேறு யாருடைய தளத்துக்கோ போய்விடுகின்றன. பணம் பண்ணுவதற்காகச் செய்த பக்கம், 2005ஆம் ஆண்டின் இணைய வணிகத்தில் எவை நிலைத்தன, எவை மறைந்தன என்று காட்டும் ஆவணமாகக் காலப்போக்கில் மாறிவிட்டது.

நகைச்சுவைக்காகவே எழுதப்பட்டு நிலைத்தவையும் உண்டு. ஆனால் அவற்றில் ஒரு கறார் இருக்கும். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை விளக்கும் ஆவணங்கள் ‘ஆர்.எஃப்.சி.’ என்ற பெயரில் வரிசை எண்ணோடு வெளிவருகின்றன. 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வைட்ஸ்மன் என்பவர் எழுதிய 1149ஆம் ஆவணம், தரவுகளைப் புறாக்களின் மூலம் அனுப்பும் முறையை வரையறுக்கிறது. தரவுப் பொட்டலத்தை, அதாவது இணையத்தில் தனித்தனியாகப் பயணிக்கும் தரவுத் துண்டை, ஒரு சிறு காகிதச் சுருளில் பதினாறடிமான எண்களாக அச்சிட்டு, புறாவின் ஒரு காலில் சுற்றி, ஒட்டுநாடாவால் கட்ட வேண்டும் என்று அது பிசகில்லாத அலுவல் நடையில் சொல்கிறது. இத்தோடு நின்றிருந்தால் அது முட்டாள்கள் தினத்து நகைச்சுவையாகவே முடிந்திருக்கும். 2001 ஏப்ரல் 28 அன்று, நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் ஆர்வலர் குழுவினர் அதை அப்படியே செய்து பார்த்தார்கள். ஒரு கணினி மற்றொன்றைக் கூப்பிட்டு, ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் ‘பிங்’ கட்டளையைப் புறாக்கள் சுமந்தன. வந்து சேர்ந்த காகிதத்தை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளால் படித்து, மீண்டும் தரவாக்கினார்கள். ஒன்பது பொட்டலங்கள் அனுப்பியதில் நான்குக்கு மட்டுமே பதில் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்தது, இறுதியில் கணினி காட்டிய அறிக்கைதான். எதற்கும் அசராத அதே வழக்கமான வடிவத்தில், 55 விழுக்காடு இழப்பு என்றும், மிக விரைவான பதிலுக்கு ஆன நேரம் முப்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம் மில்லி விநாடி என்றும் அது சொல்லியது. அதாவது, ஏறத்தாழ 53 நிமிடம்! புறாக்கள் பறந்தது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எந்த ஊடகத்தின் வழியே வந்தாலும் பொட்டலம் பொட்டலமே என்ற அடிப்படையில்தான் இணையம் கட்டப்பட்டிருக்கிறது. பாடநூலில் பல பக்கங்களில் விளக்கப்படும் இந்தக் கருத்தை அந்தப் புறாக்கள் ஒரு பிற்பகலில் நிரூபித்துவிட்டன.

1998 ஏப்ரல் 1 அன்று லாரி மாசின்டர் எழுதிய 2324ஆம் ஆவணமும் இதே இனம். அது காப்பி இயந்திரங்களை வலைவழியே இயக்குவதற்கான நெறிமுறை. தேநீர்க் குடுவையிடம் போய்க் காப்பி கேட்டால், அது 418 என்ற பிழை எண்ணோடு ‘நான் ஒரு தேநீர்க் குடுவை’ என்று பதில் சொல்ல வேண்டும். வலை நெறிமுறையை எதற்கெடுத்தாலும் நீட்டிப் பயன்படுத்த முனைந்தவர்களைக் குத்திக்காட்டத்தான் அவர் அதை எழுதினார். 2017இல், அந்த எண்ணை மென்பொருள்களிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு யோசனை எழுந்தபோது, நிரலாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2022இல் வெளியான அதிகாரபூர்வமான தரநிலை, 418ஐ வேறெதற்கும் தராமல் ஒதுக்கியே வைத்திருக்கிறது.

அடுத்தது உங்கள் ‘வரைபடத் தீவு’. நீங்கள் குறிப்பிடுவது ஆங்கிலத்தில் ‘Null Island’, அதாவது ‘வெற்றுத் தீவு’, என்று அழைக்கப்படுவதாக இருக்க வேண்டும். நிலநடுக்கோடும் கிரீன்விச் தீர்க்கரேகையும் சந்திக்கும் புள்ளி, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் இருக்கிறது. அங்கே தீவு ஏதும் கிடையாது. கடல் வெப்பத்தையும் காற்றையும் அளக்கும் ஒரு மிதவை மட்டுமே இருந்துவந்தது. ஆனால், முகவரியைக் கண்டுபிடிக்க முடியாத மென்பொருள், அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் சுழியை நிரப்பிவிடுவதுண்டு. அதனால் உணவகங்களும் புகைப்படங்களும் குற்றச் சம்பவங்களும் அந்த நடுக்கடலில் போய்க் குவிகின்றன. பிழைகளை எளிதாக அடையாளம் காண்பதற்காக, ஒரு பொது வரைபடத் தரவுத் தொகுப்பில் அங்கே ஒரு சதுர மீட்டர் அளவில் கற்பனைத் தீவையே வரைந்துவைத்தார்கள்.

மிதவைக்கு இதனால் நட்டமில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இருந்த ஒரு பண்ணை வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இணையத்தில் இணையும் கணினிகளை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் ஒரு நிறுவனம், அமெரிக்கா என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியைத் தருவது என்று முடிவு செய்து, எண்களை முழுமையாக்கி, அட்சரேகை 38, தீர்க்கரேகை 97 என்று வைத்துக்கொண்டது. அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருந்தது அந்த வீடு. ஏறத்தாழ 60 கோடி முகவரிகள் அதன் தலையில் விழுந்தன. இணைய மோசடிக்காரர்களைத் தேடியும், காணாமல் போனவர்களைத் தேடியும், திருடுபோன பொருள்களைத் தேடியும் காவல் துறையினரும் கோபம் கொண்ட பொதுமக்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலுக்கு வந்தார்கள். ஏன் வருகிறார்கள் என்பது குடியிருந்தவர்களுக்கும் தெரியாது, வந்தவர்களுக்கும் தெரியாது. 2016இல் ஒரு பத்திரிகையாளர் காரணத்தைத் துருவிக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான், அந்த நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தியது. இதையும் விநோதச் செய்தி என்றே பலர் பகிர்ந்தார்கள். நான் சிரித்துவிட்டு, உடனே சங்கடப்பட்டேன். எங்கோ ஒருவர் வசதிக்காக எழுதிய ஓர் இயல்பு மதிப்பு, முன்பின் அறியாத குடும்பத்தின் கதவைத் தட்டியிருக்கிறது. உங்கள் நண்பர்கள் அடுத்த முறை வீண் வேலை என்று சொன்னால், இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

மாறாக, இதே போன்ற தற்செயல் சிலருக்கு அதிர்ஷ்டமாகவும் வாய்த்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் வலைத்தள முகவரியின் முடிவில் வரும் ஈரெழுத்துக் குறி ஒன்று உண்டு. பசிபிக் தீவு நாடான துவாலுவுக்கு ‘டாட் டிவி’ என்ற முகவரி அமைந்தது. அதை விற்கும் உரிமையை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விட்டு ஈட்டிய பணம், 2000ஆம் ஆண்டில் அந்நாடு ஐ.நா. சபையில் சேரும் செலவுக்குக் கைகொடுத்தது. கரீபியத் தீவான அங்குவிலாவுக்கு ‘டாட் ஏஐ’ கிடைத்தது. செயற்கை நுண்ணறிவு அலையில், 2023இல் அரசு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. 1990இல் அதற்கு வழங்கப்பட்ட ‘டாட் எஸ்யூ’ முகவரியோ அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகளைத் தாண்டி நீடித்தது.

உண்மையையும் புரளியையும் பிரிப்பது பற்றிக் கேட்டீர்கள். ஒரு செய்தி பல இடங்களில் இருக்கிறது என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எது முதலில் வந்தது என்று பாருங்கள். தென்னமெரிக்காவில் வாழும் கோவாட்டி என்ற விலங்குக்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என்று, 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாகச் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு; இரண்டுக்கும் ஒட்டுறவு கிடையாது. ஆனால் அதைப் பார்த்துப் பிரிட்டிஷ் நாளிதழ்கள் எழுதின. பல்கலைக்கழக வெளியீடான ஒரு நூலிலும் அந்தப் பெயர் ஏறியது. பிறகு, விக்கிப்பீடியாவில் அந்த வரிக்கு மேற்கோளாக இவையே காட்டப்பட்டன. பாம்பு தன் வாலையே விழுங்குவது போன்ற இந்தச் சுழற்சியைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்து, அந்த வரி சேர்க்கப்பட்ட நாளையும் மேற்கோளாகக் காட்டப்படும் நூலின் ஆண்டையும் ஒப்பிடுவதுதான். மேற்கோள்கள் நிறைய இருந்தாலும் அவற்றில் ஒன்றையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். போர்ச்சுகீசியருக்கும் மராத்தியருக்கும் 1640களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ‘பிச்சோலிம் மோதல்’ பற்றிய நீண்ட கட்டுரை, ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியோடு 2007 முதல் 2012 வரை அதே விக்கிப்பீடியாவில் இருந்தது. அப்படி ஒரு போரும் நடக்கவில்லை. அது ஆதாரம் காட்டிய நூல்களும் இருக்கவில்லை.

சிரிப்புக் குறி பற்றிய செய்தி இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் இருந்த ஸ்காட் ஃபால்மன், 1982 செப்டம்பர் 19 அன்று அந்தத் துறையின் மின்னணு அறிவிப்புப் பலகையில் அதை முன்மொழிந்தார். மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் எழுதிய வேடிக்கையைச் சிலர் மெய்யான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். மூலப் பதிவு வெகுகாலம் கைக்குக் கிடைக்கவில்லை. 2002இல் பழைய காப்பு நாடாக்களைத் தேடி அதை மீட்டெடுத்தார்கள். அந்தச் சில வரிகளில், சிரிப்புக் குறியைச் சொன்ன கையோடு ஃபால்மன் ஒரு திருத்தமும் சேர்த்திருக்கிறார்: இன்றைய போக்கைப் பார்த்தால், வேடிக்கை அல்லாதவற்றுக்கு அடையாளமிடுவதே சிக்கனமாக இருக்கும், அதற்கு அடைப்புக்குறியைத் திருப்பிப் போடுங்கள். சோகத்தைக் காட்ட நாம் இன்று பயன்படுத்தும் குறி, ‘இது வேடிக்கையல்ல’ என்று அறிவிப்பதற்காகப் பிறந்தது. அந்தப் பயனுக்கு அதை யாரும் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அன்புடன்.