பழைய சாம்ப்ளர்கள்: எவ்வளவு தாங்கும்?

கேள்வி: எஸ்.பி.1200 என்ற சாம்ப்ளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து, தட்டி வாசிக்கும் கருவி) மொத்தம் எத்தனை நொடி சாம்பிள் (பதிந்த ஒலித்துண்டு) எடுக்கலாம்?

பதில்: சுமார் 10 நொடி. அதுவும் ஒரே துண்டாக வராது, ஒரு சாம்பிளுக்கு 2.5 நொடிதான். 1987-இல் மெமரி விற்ற விலை அப்படி. அதனால்தான் 33 வேக இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பிடித்து, மெஷினுக்குள் சுருதியை இறக்கினார்கள், 2.5 நொடிக்குள் 3.4 நொடி இசை அடங்கிவிடும். சுருதி இறங்க இறங்கக் கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்புக்குத்தான் இன்று காசை இறைக்கிறார்கள். அப்புறம், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், அதற்கு முன் ஃப்ளாப்பியில் சேமியுங்கள்.

கேள்வி: எம்.பி.சி.60 என்ற சாம்ப்ளரில் எத்தனை நொடி?

பதில்: 13. மெமரி கூட்டினால் 26. ஃப்ளாப்பி இதற்கும்தான்.

கேள்வி: ஒரே மிடி கேபிளில் (வாசிப்புக் கட்டளைகளைக் கருவிகளுக்குக் கொண்டுபோகும் கம்பி) வரிசையாகப் பல சின்த் (மின்னணு இசைக்கருவி) இணைத்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது தாளம் பிசகுகிறது. மெஷின் பழுதா?

பதில்: பழுதில்லை, நெரிசல். மிடியில் விநாடிக்கு 31,250 பிட்தான் போகும். ஒரு சுரத்துக்கு 3 பைட், பைட்டுக்கு 10 பிட். ஆக ஏறக்குறைய 1 மில்லிவிநாடி. ஒன்றாக விழ வேண்டிய 12 சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், கடைசியாக வருவது 11 மில்லிவிநாடி பிந்தும். முதலில் ஆஃப்டர்டச்சை (கட்டையை அழுத்திப் பிடிக்கும்போது ஓயாமல் போகும் அழுத்தத் தகவல்) நிறுத்துங்கள். எம்.பி.சி.60 என்றால் பின்னால் நான்கு மிடி அவுட் இருக்கிறது, டிரம்முக்கு ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள்.

கேள்வி: எம்.பி.சி. ஸ்விங்கில் (இரண்டாவது தட்டைச் சற்றுப் பிந்தி விழவைக்கும் நடை) ஏதோ மாயம் உண்டாமே?

பதில்: கணக்குதான். மெஷின் ஒரு தாள அடியை 96 துளியாக வெட்டுகிறது. கால் அடிக்கு 24 துளி, இரண்டு சேர்ந்தால் 48. ஸ்விங் 50 சதவீதம் என்றால் இரண்டாவது தட்டு 24-ஆம் துளியில் விழும். 66 என்றால் 32-இல். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அது 42 மில்லிவிநாடி தாமதம். இவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் கணினியில் அதே 66 போட்டும் அந்த நடை ஏன் வரவில்லை? காது பொய் சொல்லுமா?

பதில்: சாம்பிளின் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிக்குக்கு (டிரம்மின் கனத்த அடி) முன் 10 மில்லிவிநாடி வெறுமை ஒட்டியிருந்தால் எந்த ஸ்விங்கும் கெடும். அதை நறுக்கிவிட்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: அந்தப் பழைய மெஷின்களின் 12 பிட் (துல்லியம் குறைந்த பதிவு) ஒலியால்தான் அந்த நடை வருகிறது என்கிறேன்.

பதில்: பிட் குறைந்தால் நாதம் மாறும், நேரம் மாறாது. அந்தக் காலத்தில் பலர் குவான்டைஸை (தட்டுகளைத் தானாகக் கணக்குப்படி நேர்செய்யும் வசதி) அணைத்துவிட்டுக் கையாலேயே தட்டினார்கள். நீங்கள் கேட்பது அந்தக் கையை.

கேள்வி: எஸ்.பி.1200-இல் முழுப் பாட்டையும் ஏற்றலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எம்.பி.சி.60-இல் 16 ஒலிக்கு மேல் ஒரே சமயத்தில் அடித்தால்?

பதில்: ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் ஒன்று அறுபடும். சிம்பலின் நீண்டு ஒலிக்கும் வாலைக் குட்டையாக்குங்கள்.