நிற்காமல் போனவருக்கு

கேள்வி: எனக்கு 36 வயது. பண்ருட்டியிலிருந்து தினமும் பைக்கில் கடலூருக்கு வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒரு காலை, எனக்கு முன்னால் மொபெட்டில் போன பெரியவர் ஒருவர் மணலில் சறுக்கி விழுந்துவிட்டார். எதிர் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வருவதைப் பார்த்தேன். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நிற்காமல் போய்விட்டேன். ஏற்கெனவே இரண்டு லேட். மூன்றாவதுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே என்ற பயமும்தான். மனைவியிடம் சொன்னேன். "சினிமா பாத்தா அழறீங்க, ரோட்டுல ஒருத்தர் விழுந்தா கண்டுக்காம வர்றீங்க" என்றாள். அன்றிலிருந்து தூக்கமில்லை. கருணையுள்ள மனிதன் என்றால் யார்? நான் அந்தக் கணக்கில் வருவேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் எழுதியது நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். நான்கு பக்கத்திலும் உங்கள் தூக்கம், பயம், குற்ற உணர்ச்சி எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெரியவருக்கு எங்கே அடிபட்டது, அப்புறம் என்ன ஆனார் என்று ஒரு வரி இல்லை. குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சியின் சுபாவமே அதுதான். விழுந்தவரை விட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். நாளைக்கு அதே வழியில்தானே போகிறீர்கள்? அந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். டீக்கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்ஸன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 1973-இல் வெளியானது. இறையியல் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து நின்று உதவியவனின் கதை. போகும் வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகுகிறார், அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சமாரியன் கதையைச் சொல்லப் போனவர்களில் சிலர் அந்த ஆளைத் தாண்டியே போனார்கள். மூன்றாவது லேட் என்ன செய்யும் என்று இப்போது புரிகிறதா? தியேட்டரில் யாரும் லேட் மார்க் போடுவதில்லை, அதனால் நிம்மதியாக அழ முடிகிறது.

இதை வைத்து உங்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்கப் போவதில்லை. நின்றிருக்க வேண்டும். குறைந்தது இருபதடி தள்ளி ஓரம் கட்டி 108-க்காவது போன் செய்திருக்கலாம். டீக்கடையிலிருந்து வந்த அந்த இரண்டு பேரும் 'வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்கள்' என்றே நினைத்திருக்கலாம். கூட்டம் கூடும் இடத்தில் யாரும் கூப்பிடாமல் விடுவதும் நடக்கிறது. நாலு பேர் செல்போனில் படம் பிடிப்பது வேறு கதை.

போலீஸ் பயத்துக்கு இன்று அவ்வளவு காரணமில்லை. விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவர்களைக் காப்பாற்றும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்த்தார்கள். பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்காக உங்களைப் பிடித்து வைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரம்புக்கு உட்பட்டு, அரசே பணம் தருகிறது. ஆகவே பில்லை நம் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற கவலையும் வேண்டாம்.

இரக்கம் மட்டும் இருந்தாலும் போதாது. நம் ஊரில் யாராவது விழுந்தால் முதலில் எழும் குரல் "சோடா வாங்கிட்டு வாப்பா" என்பதுதான். அப்புறம் ஒருவர் அக்குளில் கை கொடுப்பார், இன்னொருவர் காலைத் தூக்குவார், ஷேர் ஆட்டோவில் மடக்கித் திணிப்பார்கள். அத்தனை பேரும் நல்ல மனசுக்காரர்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி பட்டிருந்தால் அந்த நல்ல மனசே அவரை முடக்கிப் போட்டுவிடும். அடிபட்டவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. வண்டி ஏதும் மோதிவிடும் ஆபத்து இல்லையென்றால் அசைக்காமல், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எந்த பங்க், எந்த கோயில் பக்கத்தில் என்று 108-க்குத் தெளிவாகச் சொல்வது பெரிய உதவி.

உங்களுக்குப் பக்கத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. யாரோ ஒருவர் தினமும் விறகு அடுக்கி, அரிசி களைந்து, உலை வைக்கிறார். தினமும் அவருக்கு நெஞ்சு உருகிக்கொண்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சில நாள் முதுகு வலிக்கும், சில நாள் எரிச்சலாக இருக்கும். வருகிறவருக்குச் சோறு கிடைத்துவிடுகிறது. கருணையுள்ளவர் யார் என்று கேட்டீர்களே, நான் அவரைத்தான் காட்டுவேன்.

நீங்களும் அப்படிச் சில ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். வண்டி டேங்க் கவரில் துணியும் கையுறையும் போட்டு வையுங்கள். செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி தருகிறது, மாவட்டக் கிளையில் விசாரியுங்கள். ஆபீஸில் பத்து பேர் சேர்ந்து கேட்டால் எச்ஆரே அங்கேயே வகுப்பு ஏற்பாடு செய்துவிடுவார். அப்படியே, வழியில் விபத்துக்கு உதவி செய்துவிட்டு வந்தால் அதை லேட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதிக் கொடுங்கள். ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது, கேட்டுப் பாருங்கள்.