வந்தவர் கணக்கும் மொய்க் கணக்கும்

கேள்வி: குரோஷிய மொழி எட்டு நாடுகளில் பேசப்படுகிறது, துருக்கிய மொழிக்கு துருக்கி, சைப்ரஸ் என இரண்டே நாடுகள்தான் என்று ஒரு பொது அறிவுப் பட்டியலில் படித்தேன். அப்படியென்றால் அதிகம் பரவிய மொழி குரோஷியம்தானே?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், விருதுநகர்

பதில்: பட்டியல் போட்டவர் கெட்டிக்காரர். ஒரு கல்யாணத்தில் பந்தலுக்குள் வந்த அத்தனை தலையையும் எண்ணியிருக்கிறார். இன்னொரு கல்யாணத்தில் மொய் எழுதியவர்களை மட்டும் எண்ணியிருக்கிறார்.

குரோஷியத்துக்கு நாலு பேர் பேசினாலும் அந்த நாடு கணக்கில் சேர்ந்துவிட்டது: குரோஷியா, போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ, ஹங்கேரி, ஆஸ்திரியா, இத்தாலி, ருமேனியா. துருக்கியத்துக்கோ, நாடு முழுமைக்கும் ஆட்சிமொழி என்று சட்டத்தில் இருந்தால்தான் அனுமதி. அந்தச் சட்டக் கணக்கை இரண்டுக்கும் போட்டால் குரோஷியத்துக்கும் குரோஷியா, போஸ்னியா-ஹெர்சகோவினா என்று இரண்டுதான் மிஞ்சும். பேசுகிறவர் கணக்கைப் போட்டால் துருக்கியத்தோடு பல்கேரியா, கிரீஸ், வடக்கு மாசிடோனியா, கொசோவோ, ருமேனியா என்று வரிசை நீளும். ஜெர்மனியில் துருக்கியப் பூர்வீகத்தினர் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் பேர். 2021 கணக்கெடுப்பின்படி குரோஷியாவின் மொத்த மக்கள்தொகையே 39 லட்சத்தைத் தொடவில்லை.

எண்ணிக்கையை விடுங்கள். உங்கள் பட்டியலில் சுவையானது, இத்தாலியும் ஆஸ்திரியாவும் அதில் எப்படி வந்தன என்பதுதான். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் துருக்கிச் சுல்தான்களின் உதுமானியப் படை தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ஏறி வந்தபோது குரோஷியரில் ஒரு கூட்டம் கடலைத் தாண்டி இத்தாலியின் மொலீசே மலைப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே மூன்றே கிராமங்களில் இன்னும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நா-நாஷு’. ‘நம்ம பேச்சுல’ என்று சொல்வோமே, அதுதான். இன்னொரு கூட்டம் வடக்கே போய், இன்று ஆஸ்திரியாவின் புர்கன்லாந்து மாகாணமாக இருக்கும் இடத்தில் குடியேறியது. 1955இல் ஆஸ்திரிய அரசு ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவு அந்தச் சந்ததியின் மொழிக்கு உரிமை எழுதிக் கொடுத்தது. ஆக, குரோஷியத்தின் வரைபடத்தில் பாதிப் புள்ளிகளை வைத்தது துருக்கிப் பட்டாளம்தான்.

பட்டாளம் திரும்பிப் போனபோது துருக்கியத்தின் புள்ளிகள் விழுந்தன. ஆட்சி போனது, குடிகள் தங்கிவிட்டார்கள். தங்கியவர்கள் கொடுத்த விலை பெரிது. பல்கேரியாவில் 1984–85 குளிர்காலத்தில் துருக்கியர்களின் பெயர்களை அரசு வலுக்கட்டாயமாக மாற்றியது. பொது இடத்தில் துருக்கியம் பேசினால் அபராதம். பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமான்ஓலுவின் பெயரும் ‘நவும் ஷலமனோவ்’ ஆனது. 1986இல் மெல்போர்னில் போட்டிக்குப் போனவர் அப்படியே நழுவி துருக்கிக்குப் போய்விட்டார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பழைய பெயரோடு, துருக்கிக்காகத் தங்கம். மறு ஆண்டு கோடையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டினார்கள். அதற்கு பல்கேரியாவில் வழங்கிய பெயர் ‘பெரிய சுற்றுலா’. நக்கலைப் பாருங்கள்.

இன்னொன்று: குரோஷியம் எங்கே முடிகிறது, செர்பியம் எங்கே தொடங்குகிறது என்பதே தீராத வழக்கு. போஸ்னியாவில் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை மூன்று மொழிகளில் இருந்தாக வேண்டும். ‘புஷென்யே உபியா’, அதாவது புகைத்தல் கொல்லும். போஸ்னியத்தில் ஒரு முறை, குரோஷியத்தில் ஒரு முறை, எழுத்துக்கூட மாறாமல். மூன்றாவது, செர்பியத்துக்காக அதே சொற்கள், ரஷ்ய மொழியும் எழுதப்படும் சிரிலிக் எழுத்தில். வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். ரொட்டியை குரோஷியர் ‘க்ரூஹ்’ என்பார், செர்பியர் ‘ஹ்லெப்’ என்பார். தப்பான கடையில் தப்பான சொல்லைச் சொல்லிவிட்டு ஒருவர் முகம் சுளிப்பதைப் பார்க்கலாம்.

குடும்பத்தால் இரண்டும் ஒட்டே இல்லாதவை: குரோஷியம் ஸ்லாவியக் குடும்பம், துருக்கியம் துருக்கிக் குடும்பம். ஆனால் எதிரி வீட்டுச் சாமான் எப்படியோ அடுக்களைக்குள் வந்துவிட்டது. தலையணைக்கு துருக்கியத்தில் ‘யஸ்தக்’, குரோஷியத்தில் ‘யஸ்துக்’. சீனிக்கு அங்கே ‘ஷெக்கெர்’, இங்கே ‘ஷெச்செர்’. பாரசீகம் வழியாக மேற்கே போன சம்ஸ்கிருதச் சொல் அது, நம் சர்க்கரைக்கு உடன்பிறப்பு. சட்டைப் பைக்கு இரண்டிலும் ‘ஜெப்’. உங்கள் தாத்தா ‘ஜேபி’ என்று சொல்லியிருந்தால் அவரும் அதே அரபுச் சொல்லைத்தான் சொன்னார்.

நானூறு வருஷம் ஒருவரை ஒருவர் துரத்தியவர்கள் கடைசியில் சந்தித்துக்கொண்டது ஜெர்மன் தொழிற்சாலை வாசலில். மேற்கு ஜெர்மனி 1961இல் துருக்கியோடும் 1968இல், குரோஷியா அன்று சேர்ந்திருந்த யுகோஸ்லாவியாவோடும் ஆளெடுக்கும் ஒப்பந்தம் போட்டது.

தேர்வில் உங்களுக்கு வந்தாலும் வரும் ஒரு செய்தி: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 24 ஆட்சிமொழிகள். குரோஷியா சேர்ந்த 2013 ஜூலை 1 அன்று குரோஷியம் 24ஆவதாக உள்ளே போனது. அதைவிடப் பல மடங்கு பேர் பேசும் துருக்கியம் வெளியே நிற்கிறது. சைப்ரஸ் அரசியல் சட்டம் அதை ஆட்சிமொழி என்கிறது, அந்த நாடும் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. 2016இல் சேர்க்கச் சொல்லிக் கேட்டும் பார்த்தது. நடக்கவில்லை. சைப்ரஸ் அடித்த யூரோ நாணயம் எப்போதாவது கையில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். நாட்டின் பெயர் கிரேக்கத்தில் ஒரு தரம், துருக்கியத்தில் ஒரு தரம். அதைப் பொறிக்க யாரும் தடை சொல்லவில்லை.