முதுகுப்பையும் கொஞ்சம் பணமும்: தென்கிழக்கு ஆசிய நகரங்கள் பற்றிக் கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக், சியெம் ரீப், ஹனோய் ஆகிய ஊர்களில் குறைந்த செலவில் சுற்றுவது பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. விலைகளைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். விசா விதிகளைப் புறப்படும் வாரத்தில் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, விமான டிக்கெட் போகக் கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு வாரத்தில் மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நான்கையும் பார்த்துவிட முடியுமா?

பார்க்கலாம் தம்பி, நான்கு நாட்டு பஸ் நிலையங்களையும் குடிநுழைவு வரிசைகளையும். ஊர்களைப் பார்க்க முடியாது.

உங்கள் கணக்குப்படி ஒரு நாளுக்கு ஏறத்தாழ 2,800 ரூபாய் வருகிறது. பாங்காக்கில் ஹாஸ்டல் படுக்கை 300 முதல் 500 பாட். ஒரு பாட் என்பது இரண்டரை ரூபாய்க்கு மேல், மூன்றுக்குள். தெருக்கடையில் ஒரு தட்டுச் சோறோ நூடுல்ஸோ 50 முதல் 80 பாட். படகு, பஸ் என்று 100 பாட் வைத்தாலும் கோயில் டிக்கெட்டுக்கு மிச்சம் இருக்கும். ஓரிடத்தில் இருந்தால் இந்தப் பணம் தாராளமாகப் போதும். பையைக் காலி செய்வது சாப்பாடு அல்ல, இடமாற்றம். ஒவ்வொரு எல்லையிலும் விசா, பணமாற்று, டாக்சி, வீணாகும் ஒரு பகல் என்று நான்கு விதமாகக் காசு ஒழுகும். உள்ளூர் விமானம் 2,000 ரூபாய் என்று விளம்பரம் செய்வார்கள். சுமைக் கட்டணமும் விமான நிலையம் போய்வரும் செலவும் கொடுத்த பிறகு அது 5,000 ஆகியிருக்கும்.

ஆகவே இரண்டு நாடுகள் போதும். சென்னையிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம்தான். அங்கே இறங்குங்கள், பினாங்கு வழியாகத் தரைமார்க்கமாக பாங்காக் போங்கள், அங்கிருந்து சென்னைக்குத் திரும்புங்கள். 2025 நிலவரப்படி இரண்டு நாடுகளும் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதித்தன. ஆனால் இரண்டுக்கும் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசினுடையது அல்ல, மூடிவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: பினாங்கிலிருந்து பாங்காக்குக்கு ரயில் உண்டா? எப்படிப் போவது?

நேரடி ரயில் இல்லை, ஆனால் வழி எளிது. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து புறநகர் ரயிலில் எல்லையூரான பாடாங் பெசார். இந்த இரண்டாவது துண்டு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, கட்டணமும் அற்பம். பாடாங் பெசாரில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையக் கட்டடத்துக்குள் முடிந்துவிடும். மாலையில் பாங்காக்குக்கு ஒரு படுக்கை ரயில் புறப்பட்டு மறுநாள் காலையில் சேர்க்கும். மேல் படுக்கை மலிவு, கீழ் படுக்கையில்தான் ஜன்னல். எல்லையிலிருந்து கிளம்பும் பெட்டிகள் குறைவாதலால் முன்பதிவு அவசியம்.

மலேசிய நேரத்துக்குத் தாய்லாந்து ஒரு மணி பின்தங்கியது. டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரம். இன்னொன்று: 2023 ஜனவரி முதல் தொலைதூர ரயில்கள் பழைய ஹுவா லாம்போங் நிலையத்துக்கு வருவதில்லை. க்ருங் தேப் அபிவாட் என்ற புதிய நிலையத்தில்தான் நிற்கும். பழைய வழிகாட்டி நூலை நம்பித் தங்குமிடம் பிடித்தவர்கள் நகரின் மறுகோடியில் நிற்பார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து: அம்மாவையும் அழைத்துப் போகிறேன். முட்டைகூடத் தொடமாட்டார். பட்டினி கிடக்க நேருமா?

மலேசியாவில் இந்தக் கேள்வியே எழாது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், அம்மா தமிழிலேயே சாம்பார் கேட்டு வாங்கலாம். சீனர்களின் பௌத்த சைவக் கடைகளும் ஊர்தோறும் உண்டு.

தாய்லாந்தில்தான் விழிப்பு வேண்டும். ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் காய்கறிதான் வரும், ஆனால் மீன் சாஸில் வதங்கி வரும். கடைக்காரருக்கு அது மாமிசக் கணக்கிலேயே இல்லை. ஆகவே ‘கின் ஜே’ என்று சொல்லுங்கள். பௌத்த விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். அதில் மீன் சாஸ், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துத் தொங்கும் கடைகள் அவர்களுடையவை. அந்த எழுத்தைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டு தெருவில் தேடுங்கள். நோன்பாளிகளின் கடைகளாதலால் பல மதியத்தோடு மூடிவிடும்.

நொறுக்குத் தீனிக்குக் குறைவில்லை. கானோம் க்ரோக் என்று ஒன்று விற்பார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் குழிச்சட்டியில் வெந்து வரும். நம் பணியாரக் கல்லையே தூக்கிக்கொண்டு போனார்களோ என்று அம்மா கேட்பார். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டரிசியும் ஏப்ரல், மே மாதங்களில் உச்சம். பப்பாளிச் சாலட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் மீன் சாஸோடு காய்ந்த இறாலும் போட்டு இடிப்பார்கள்.

வியட்நாமில் ‘சாய்’ என்று கேளுங்கள், சைவம் என்று பொருள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலருக்குச் சைவ நாள். அன்று தெருவோரக் கடைகளிலும் காளானும் டோஃபுவும் குவிந்திருக்கும்.

ஈரோட்டிலிருந்து: தெருக்கடைச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்காதா?

கூட்டமிருக்கும் கடையில், கண்ணெதிரே அடுப்பிலிருந்து இறங்குவதைச் சாப்பிட்டால் பயமில்லை. வெயிலில் ஆறிக் கிடப்பதையும் நறுக்கி வைத்த பழத்தையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளூர்க்காரர் சாப்பிடும் நேரத்துக்கே போங்கள். பாங்காக் சீனர் பகுதியின் யாவ்ராட் சாலை இரவு ஏழுக்குமேல், ஹனோய் பழைய நகரத்துப் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் கடைகள் காலை ஏழுக்குள். ஹனோயின் புன் சா (கரித்தணலில் சுட்ட பன்றியிறைச்சியும் அரிசி நூடுல்ஸும்) மதியச் சாப்பாடு, இரவு வரை காத்திருந்தால் நல்ல கடைகளில் தீர்ந்திருக்கும். பினாங்கில் நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) எடுப்பவர்கள் ஒவ்வொரு குழம்பையும் காட்டிக்கொண்டே போகாதீர்கள், விலை நீங்கள் காட்டிய விரல்களைப் பொறுத்தது. பெரிய இறாலுக்கும் மீன் தலைக்கும் முதலில் விலை கேளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பாங்காக்கில் கோயில்களுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். நுழைவுக் கட்டணம் எக்கச்சக்கம் என்கிறார்களே. எவற்றைப் பார்க்கலாம், எவற்றை விடலாம் அம்மா?

ஐயா, சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. அரண்மனை 500 பாட், வாட் போ 300, வாட் அருண் 200 (வாட் என்றால் கோயில்). மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று இரவு ஹாஸ்டல் வாடகை. இருந்தாலும் கொடுங்கள். அரண்மனைக்குள் மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள பிரகாரச் சுவரில் 178 ஓவியங்களில் தாய்லாந்து ராமாயணம் ஓடுகிறது. கூட்டமெல்லாம் புத்தரை நோக்கி நகரும்போது நீங்கள் வடக்குச் சுவரிலிருந்து கதையைப் படித்துக்கொண்டே வரலாம். அனுமன் பிரம்மச்சாரியல்ல என்பது அங்கே தெரியவரும், திகைக்காதீர்கள். வாட் போவின் சயன புத்தர் 46 மீட்டர் நீளம். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களைப் பார்க்காமல் முகத்தை மட்டும் படம் எடுத்துத் திரும்புகிறவர்களே அதிகம்.

இனிக் காசில்லாமல் காணக்கூடியது. வாட் சுதாட் எதிரே சிவப்புத் தேக்குத் தூண்களில் ராட்சத ஊஞ்சல் ஒன்று நிற்கிறது. அதில் ஆடும் சடங்கு 1935இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அருகிலுள்ள தேவஸ்தான் என்ற சிறு கோயிலில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் திரியம்பாவாய் விழாவை இன்றும் நடத்துகிறார்கள். நம் திருவெம்பாவைதான். ஓதும் ஒலி பல நூற்றாண்டுத் தேய்மானத்தில் நமக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது, ஓதுவது நின்றுபோகவில்லை. நீங்கள் போவது மார்கழி, தை ஒட்டி என்றால் விசாரித்துப் பாருங்கள்.

சீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மகா மாரியம்மன் கோயிலும் உண்டு. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். வேட்டி தாராளம். உட்காரும்போது கால் நீட்டிப் பாதத்தைப் புத்தர் பக்கம் காட்டாதீர்கள்.

மூன்றாவது நாள் கிடைத்தால் அயுத்தயா. குறுந்தூர ரயில்கள் இன்னும் கிளம்பும் ஹுவா லாம்போங்கிலிருந்து சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏறத்தாழ 20 பாட்தான். 1350 முதல் 1767 வரை தலைநகராயிருந்து பர்மியப் படையெடுப்பில் அழிந்த ஊர். அரசமர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலை வாட் மஹாதாட்டில் இருக்கிறது. அதனருகே படம் எடுத்தால் குந்தி உட்கார வேண்டும், உங்கள் தலை அதைவிட உயரக் கூடாது. காவலர் விசில் ஊதுவார்.

சென்னையிலிருந்து: ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது’ என்று ஒருவர் சொல்லி 20 பாட்டுக்கு ஊர்சுற்றிக் காட்டுவதாக டுக்டுக்கில் ஏற்றினார் என்று நண்பன் சொன்னான். உண்மையா?

அரண்மனை திறந்துதான் இருந்திருக்கும். அந்த 20 பாட் பயணம் ரத்தினக்கல் கடையிலும் தையல் கடையிலும் நிற்கும், ஓட்டுநருக்கு அங்கே கமிஷன். வாசல் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள்.

பெங்களூரிலிருந்து: மிதக்கும் சந்தைக்கு ஹாஸ்டலில் 1,200 பாட் கேட்கிறார்கள். வேறு வழி?

இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த வழியும் அதுதான். பாங்காக்கின் வொங்வியன் யாய் நிலையத்திலிருந்து மஹாசாய்க்கு ரயில், 10 பாட். மீன் சந்தைக்குள்ளேயே இறக்கிவிடும். தாச்சின் ஆற்றைப் படகில் கடந்தால் பான் லேம், அங்கிருந்து மேக்லோங்குக்கு இன்னொரு ரயில், அதற்கும் 10 பாட்தான். தண்டவாளத்தின் மேல் காய்கறி பரப்பி, ரயில் வரும்போது கூரைத்துணியை மடக்குகிறார்களே, அந்தச் சந்தை. எல்லாரும் ஓரமாய் நின்று படம் எடுக்கும்போது நீங்கள் அந்த ரயிலுக்குள் இருப்பீர்கள். இந்த இரண்டாவது தடத்தில் நாளுக்குச் சில ரயில்களே, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேக்லோங்கிலிருந்து பங்கு வண்டியில் அம்பவா மிதக்கும் சந்தை பக்கம்தான், ஆனால் அது வெள்ளி, சனி, ஞாயிறு பிற்பகலில் மட்டும்.

நகருக்குள் என்றால் சாட்டுசாக் வாரச்சந்தையைவிட பாக் க்லோங் பூச்சந்தையைச் சொல்வேன். நள்ளிரவில் செவ்வந்தியும் மல்லிகையும் மூட்டை மூட்டையாக இறங்கும். வாங்க ஒன்றுமில்லை என்பதால் செலவும் இல்லை. பேரம் துணிக்கும் நினைவுப்பொருளுக்கும் பொருந்தும், சோற்றுக் கடையில் பேரம் பேசுவது அநாகரிகம்.

மதுரையிலிருந்து: அங்கோர்வாட்டுக்கு ஒரு நாள் போதுமா? பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாமா?

பஸ் வழியை இப்போதைக்கு நம்பாதீர்கள். 2025இல் நடந்த மோதலையடுத்துத் தாய்லாந்து–கம்போடியா தரை எல்லைகள் மூடப்பட்டன. நிலவரம் பார்த்து, வேண்டுமானால் விமானத்தில் போங்கள் அல்லது வியட்நாம் பக்கமிருந்து நுழையுங்கள். சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாள் 62. மூன்று நாள் வாங்குங்கள். அதைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளானாலும் சரி. அங்கோர்வாட்டில் எல்லாரும் சூரிய உதயத்துக்குக் குளக்கரையில் முண்டியடிப்பார்கள். நீங்கள் உதயம் முடிந்ததும் நேரே கிழக்குச் சுற்று மண்டபத்தின் தென்பாதிக்குப் போங்கள். பாற்கடல் கடைதல் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரில். கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில், மேற்குப் பார்த்தது. காலையில் அந்த மண்டபத்தில் வெளிச்சமும் இருக்கும், கூட்டமும் இருக்காது. இரண்டாம் நாள் பாயோன், தா ப்ரோம் கோயில்கள். மூன்றாம் நாளை, தொலைவு என்று பலர் விட்டுவிடும் பான்டே ஸ்ரேக்குக் கொடுங்கள். 967இல் நிறுவப்பட்ட சிவன் கோயில், இளஞ்சிவப்பு மணற்கல். கயிலையைப் பெயர்க்கும் ராவணனை அங்கே பார்த்த பிறகு சொல்லுங்கள், 62 டாலர் அதிகமா என்று.

கொழும்பிலிருந்து: தனியாகப் போகும் பெண்ணுக்கு எது ஏற்ற ஊர்?

வட தாய்லாந்தின் சியாங் மாய், ஜார்ஜ் டவுன், ஹனோய். பெண்களுக்கு மட்டுமான அறை பெரும்பாலான ஹாஸ்டல்களில் உண்டு. தாய்லாந்தின் சில இரவு ரயில்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பெட்டியே இருக்கிறது. இரவில் தெருவோர டாக்சியை விட்டுவிட்டு கிராப் செயலியில் வண்டி அழையுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா விதி வேறு, நான் மேலே சொன்னது இந்தியர்களுக்கு. சியாங் மாய்க்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போகாதீர்கள், வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகையில் மலையே தெரியாது.

சேலத்திலிருந்து: பணத்தை எப்படி எடுத்துப் போவது?

பெரும்பகுதியை டாலர் நோட்டாக, மீதியை அட்டையில். தாய்லாந்து ஏடிஎம் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும், மூன்று வேளைச் சாப்பாடு. எடுத்தால் மொத்தமாக எடுங்கள். ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா’ என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கம்போடியாவில் டாலரிலேயே வாங்குவார்கள், ஆனால் நோட்டில் சிறு கிழிசல் இருந்தாலும் திருப்பித் தருவார்கள்.

திருநெல்வேலியிலிருந்து: கடைசியாக ஒன்று. ஷூவா, செருப்பா?

பின்னால் வார் உள்ள செருப்பு. ஒரு நாளில் ஐந்து கோயில் வாசலில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், நடுவே மழையும் வரும். பை ஏழு கிலோவுக்குள் இருக்கட்டும். மலிவு விமானங்களில் கைப்பைக்கு அதுதான் வழக்கமான வரம்பு, வாயிலில் நிறுத்துப் பார்க்கிறார்கள்.